பட்டன் குடை வழக்கு

கொலை செய்தவனுக்கு இந்தக் கவலை கிடையாது. வக்கீல் வைக்கலாமா வேண்டாமா என்று அவன் திண்ணையில் உட்கார்ந்து யோசிப்பதில்லை. நகையை விற்றாவது வைத்துவிடுகிறான். ஹெல்மெட் போடாமல் மாட்டியவனுக்கும் கவலை கிடையாது. அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டில் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறான். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. அபராதத்தைவிட வக்கீல் ஃபீஸ் பல மடங்கு இருக்கும் ரகம். அந்த ரகத்து ஆசாமிக்குத்தான் தூக்கம் போகும். அதிலும் அவன் என்னைப் போல ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

என் மேல் போட்ட பிரிவுகள் மூன்று: பாரதிய நியாய சன்ஹிதா 296(பி), 115(2), 351(2). அதாவது, பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினேன், அடித்து வலி உண்டாக்கினேன், மிரட்டினேன். 2024 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன்னால் இதே காரியத்தைச் செய்திருந்தால் 1860-ஆம் வருடத்து தண்டனைச் சட்டப்படி 294(பி), 323, 506(1) என்று ஆகியிருக்கும். தமிழ்நாட்டில் வரப்புத் தகராறோ, சாக்கடைத் தகராறோ, கோழி காணாமல் போன தகராறோ, எதுவானாலும் இந்த மூன்றும் கைகோத்துக்கொண்டுதான் ஸ்டேஷனை விட்டு வெளியே வரும். 1957-ல் நயா பைசா வந்த பிறகும் பெரியவர்கள் அணாவிலேயே கணக்குப் பேசியதைப் போல, கோர்ட்டில் இன்றைக்கும் புது எண்ணை எழுதிவிட்டுப் பழைய எண்ணில்தான் பேசுகிறார்கள். ஆகவே நான் எழுத்தில் 296, பேச்சில் 294.

நடந்தது இவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக ஏ.சி. மாட்டினார். அதன் தண்ணீர்க் குழாய் எங்கள் வாசல் கேட்டுக்கு நேர் மேலே வந்து நின்றது. சித்திரை வெயிலில் ஊரே ஒரு சொட்டு மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்க, எங்கள் வாசலில் மட்டும் விடாமல் சொட்டியது. என் மனைவி விடியற்காலையில் போடும் கோலம் காபி நேரத்துக்குள் கரைந்தது. நான் வாசலைத் தாண்டுவதற்குக் குடை பிடிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் காலை அவர் தன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டு நின்றார். "உங்க ஏ.சி.க்கு ஜலதோஷமா சார்?" என்று கேட்டுக்கொண்டே குடையின் பட்டனை அமுக்கினேன். அவர் பதில் சொல்ல ஓரடி முன்னால் வந்தார். பட்டன் குடை ஆள் பார்த்து விரியாது. கம்பி அவர் மோவாயில் இடித்தது. "உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்ற வசனம் அப்போதுதான் வந்தது. சொன்னவர் அவர். முதல் தகவல் அறிக்கையில் மட்டும் அந்த வசனம் என் வாய்க்கு மாற்றப்பட்டிருந்தது.

அது 'சும்மா விடமாட்டேன்' என்ற அளவில் நின்றதே என் பூர்வ புண்ணியம். வெறும் மிரட்டலுக்கு 351(2)-ல் இரண்டு வருடம் வரைதான். 'கொன்னுடுவேன்' என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால் 351(3)-க்குத் தாவி ஏழு வருடம் வரை போயிருக்கும்.

ஸ்டேஷனில் குடையைப் பற்றி ஒரு சின்ன ஆராய்ச்சி நடந்தது. குத்தக்கூடிய, வெட்டக்கூடிய ஆயுதத்தால் காயப்படுத்தினால் 118, மூன்று வருடம் வரை. குடை குத்துமா? ஏட்டையா குடையை வாங்கி நுனியைத் தடவிப் பார்த்தார். மடித்தார். என்ன விசை இருக்கிறது என்று பார்ப்பதற்காகவோ என்னவோ, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். கொஞ்ச நேரம் ஸ்டேஷனில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு மூக்கைத் தேய்த்துக்கொண்டே ரைட்டரிடம், "115 போதும்யா" என்றார். குடை வழக்குச் சொத்தாக உள்ளே போனது. எல்லாமே ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள் என்பதால் நான் வெளியே வந்தேன். குடைக்கு ஜாமீன் இல்லை.

முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவன் தன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு. கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா மகன் அதை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். நான் திட்டியதாகச் சொல்லப்பட்ட வார்த்தைகள் அதில் முழுசாக, ஒற்றெழுத்துப் பிழையில்லாமல் இருந்தன. என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"இதுல மூணாவது வார்த்தைக்கு என்னங்க அர்த்தம்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொல்லியிருக்கீங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் சபை கூடியது. மைத்துனர் வரும்போதே தீர்ப்போடு வந்தார். "அத்தான், எதுக்கு வக்கீல்? நேரா போங்க, ஆமான்னு சொல்லுங்க, ஃபைனைக் கட்டுங்க, வர்ற வழியில டிபன் சாப்பிட்டு வாங்க. 296-க்கு ஃபைன் ஆயிரத்துக்கு மேல கிடையாது. 115-க்கு அதிகபட்சமே பத்தாயிரம், அவ்வளவு யாரும் போட மாட்டாங்க. வக்கீல்னா நோட்டீஸுக்கு ஒண்ணு, வாய்தாவுக்கு ஒண்ணுன்னு வாங்குவாங்க." செல்போன் கடை வைத்திருப்பவர். எதையும் ரிப்பேர் செய்வதைவிடப் புதிதாக வாங்குவது மேல் என்று நம்புகிறவர்.

சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரும் வக்கீல் வேண்டாம் கட்சிதான். ஆனால் அவருக்கு முன்னுதாரணம் வேண்டும். "கண்ணகி எந்த வக்கீலைடா வெச்சா? நேரா சபைக்குப் போனா. சிலம்பை உடைச்சா. மாணிக்கப் பரல் தெறிச்சுது. கேஸ் முடிஞ்சுது."

"கேஸ் முடியறதுக்குள்ள புருஷன் முடிஞ்சுட்டாரே சித்தப்பா. அவருக்கும் வக்கீல் இல்லை."

சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுக் காந்திக்கு வந்தார். 1922 மார்ச்சில் ஆமதாபாத்தில் நடந்த வழக்கு. காந்தி தாமே பாரிஸ்டர். எதிர்வழக்காடவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார், நீதிபதி புரூம்ஃபீல்டே அவரிடம் மரியாதையாகப் பேசினார்.

"எவ்வளவு போட்டார்?"

"ஆறு வருஷம்" என்றார் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி. "ஆனா ரெண்டு வருஷத்துல விட்டுட்டாங்க. குடல்வால் ஆபரேஷன் ஆச்சு, 1924-ல விடுதலை."

எனக்குக் குடல்வால் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அந்த வழியும் அடைத்தது.

எல்லோரும் போன பிறகு பேரேட்டை எடுத்து இரண்டு பத்தி போட்டேன். ஒப்புக்கொண்டால் அபராதம், போக வர பஸ், டிபன். வழக்காடினால் வக்கீல், குமாஸ்தா, ஜெராக்ஸ், வாய்தா தோறும் அரை நாள் சம்பளம். முதல் பத்தி மூன்று வரியில் முடிந்தது. இரண்டாவது பத்தி பக்கத்தைத் தாண்டியது. கணக்குப்படி மைத்துனர் சொன்னதுதான் சரி. ஆனால் முதல் பத்தியின் அடியில் ஒரு வரி மிச்சம் நின்றது: தண்டிக்கப்பட்டவன். அதை ரூபாயில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அபராதம் நூறு ரூபாயே ஆனாலும் அது தண்டனைதான். அதற்குப் பிறகு 'எப்போதாவது குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றதுண்டா' என்று எந்தப் படிவம் கேட்டாலும் ஆம் என்ற கட்டத்தில்தான் டிக் அடிக்க வேண்டும். என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு நாங்கள் இருவரும் போக வேண்டும். என் பாஸ்போர்ட் அந்த வருடம்தான் காலாவதியாகிறது.

பணம் கொடுக்காமல் வக்கீல் கிடைக்க வழியுண்டா என்றும் பார்த்தேன். உண்டு. 1987-ஆம் வருடத்து சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் அதற்காகவே இருக்கிறது; 15100 என்ற எண்ணைக் கூப்பிட்டாலே வழி சொல்கிறார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறிப்பிட்ட வரம்புக்குள் வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவசம். என் சம்பளம் வரம்பைத் தாண்டி நின்றது. வாழ்க்கையில் முதல் முறையாக முதலாளி எனக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டார் என்று வருத்தப்பட்டேன். காவலில் இருப்பவர்களுக்கும் இலவசம். "அப்போ கைதாயிட்டு வந்திருக்கலாமே அத்தான், எதுக்கு ஜாமீன் வாங்கினீங்க?" என்றார் மைத்துனர். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த வார்த்தையெல்லாம் நீ திட்டினதா இருந்திருந்தா..."

"நான் திட்டியிருந்தா எழுதறதுக்கு ஸ்டேஷன்ல பேப்பர் பத்தியிருக்காது" என்றாள்.

எனக்கு எரிச்சல் ஊட்டிய விஷயம் வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்கு வக்கீல் செலவே கிடையாது. குற்ற வழக்கு என்பது அவருக்கும் எனக்கும் நடப்பதில்லை. அரசுக்கும் எனக்கும் நடப்பது. அவருடைய மோவாய்க்காக அரசு உதவி வழக்கறிஞர் வாதாடுவார். நான் கட்டும் வரியில் எனக்கு எதிராக ஒரு வக்கீல். எனக்காக ஒரு வக்கீல் என்றால் மட்டும் என் பையிலிருந்து.

சரி, வைப்பதென்றால் யாரை? சீட்டுக் கம்பெனியும் மூலநோய் வைத்தியரும் ஊரெல்லாம் பேனர் கட்டலாம். வக்கீல் கட்டக் கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் விட்டு வழக்குப் பிடிக்கக் கூடாது, பெயர்ப் பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். ஆகவே நல்ல வக்கீல் யார் என்பது எந்த ஊரிலும் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்குத்தான் தெரியும். யார் எவ்வளவு காகிதம் போடுகிறார்கள், யார் பாக்கி வைக்கிறார்கள், யார் கட்சிக்காரர் அழுதுகொண்டே போகிறார் என்பதெல்லாம் அவர் கண் முன்னால் நடப்பது. நான் பிரிவுகளைச் சொன்னதும் "அடிதடியா, பக்கத்து வீடா?" என்றார். பக்கத்து வீடு என்றேன். மாடியைக் காட்டினார்.

மாடியில் இருந்தது ஒரு பெண் வக்கீல். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். குமாஸ்தா அவரைவிட முப்பது வயது மூத்தவர். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கட்டுகளுக்கு நூல் போட்டுக்கொண்டிருந்தார். வக்கீலம்மா எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

"நிஜமா என்ன சார் சொன்னீங்க?"

"அவர் ஏ.சி.க்கு ஜலதோஷமான்னு கேட்டேன்."

எழுதிக்கொண்டார். "இதுல ஆபாசம் எங்க இருக்கு?" என்று குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா, "சளி" என்றார், நூலை இழுத்துக்கொண்டே.

வக்கீலம்மா விளக்கினார். வெறுமனே கையால் அடித்தார் என்று மட்டும் புகார் இருந்தால், நடுவர் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. கெட்ட வார்த்தை அப்படியில்லை. அதில் போலீஸ் நேரடியாக இறங்கலாம். ஒரு பிரிவு அப்படி இருந்துவிட்டால் மற்றவையும் அதன் பின்னால் ஏறிக்கொள்ளும். அதனால்தான் தமிழ்நாட்டில் எந்தச் சண்டையிலும் யாராவது ஆபாசமாகத் திட்டியிருப்பார்கள். ஊமைகள் சண்டை போட்டாலும் 294(பி) வரும் என்று அவருடைய சீனியர் சொல்வாராம். வெறும் வசவு ஆபாசமாகிவிடாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்ல நாம் அங்கே நிற்க வேண்டுமே.

"சமாதானம் பண்ணிக்க முடியாதா?" என்றேன்.

"முடியும் சார். அடிச்சதை அவர் மன்னிக்கலாம். மிரட்டினதை மன்னிக்கலாம். திட்டினதை மன்னிக்க அவருக்கு அதிகாரம் இல்லை."

"ஏன்?"

"அது பொதுமக்களுக்கு இழைச்ச தொந்தரவு. தெருவே சேர்ந்தாலும் மன்னிக்க முடியாது."

சமரசத்துக்கு உட்படாத பிரிவைக்கூட இரு தரப்பும் ராசியானால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. அதற்கு மதுரைக் கிளைக்குப் போய் மனு போட வேண்டும், அதற்குத் தனி வக்கீல், தனி ஃபீஸ். ஜலதோஷத்துக்கு மதுரை வரை போவதா என்று விட்டுவிட்டோம்.

பாஸ்போர்ட்டைச் சொன்னதும்தான் அவர் பேனாவை மூடினார். குற்றமற்றவன் என்று சொல்லி வழக்கு நடத்துகிறவனுக்கு, வழக்கு நிலுவையில் இருக்கும் வரை பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ஆம் வருடத்துச் சட்டத்தில் இடமிருக்கிறது. கோர்ட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு போனால் 1993-ஆம் வருடத்து அறிவிக்கைப்படி கிடைக்கும். கோர்ட் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்கு. தண்டனையைக் காரணமாக வைத்து மறுப்பதென்றால், ஒழுக்கக்கேடான குற்றமாகவும் இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறையாகவும் இருக்க வேண்டும். அப்படியென்றால், குற்றவாளி நான்தான் என்று அபராதம் கட்டியவன் ஜம்மென்று பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போய்விடலாம். நான் ஒன்றும் செய்யவில்லை என்கிறவன் கோர்ட் படியேறி அனுமதி கேட்க வேண்டும். எத்தனையோ கணக்குப் புத்தகங்களைப் பார்த்தவன் நான். இப்படி ஒரு ஐந்தொகையைப் பார்த்ததில்லை.

உண்மையைச் சொன்னால் அன்று இரவு மைத்துனர் பக்கம் சாய்ந்துவிட்டேன். மனைவிதான் தடுத்தாள். நியாயம், தர்மம் என்றெல்லாம் பேசவில்லை. "ஒத்துக்கிட்டா அந்த வார்த்தையெல்லாம் நீங்க சொன்னதா ஆயிடும். அப்புறம் நான் எப்படிங்க வெள்ளிக்கிழமை கோயில்ல நாலு பேர் முகத்துல முழிக்கிறது? அதுலயும் அந்த மூணாவது வார்த்தை" என்றாள். அதற்குள் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். யாரிடம் கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் மாடியேறினேன். ஃபீஸ் மொத்தமாகப் பதினைந்தாயிரம் என்றார் வக்கீலம்மா. ஜெயித்தால் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதைப் பார் கவுன்சில் விதி அனுமதிக்காது என்றார். "அப்படியே வெச்சுக்கிட்டாலும், தோத்தா என்ன சார், பாதி தண்டனையை நான் அனுபவிக்கணுமா?" என்றார். ரசீது உண்டா என்றேன். குமாஸ்தா முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இன்னும் கை பையில்தான் இருந்தது. பணத்தை வெளியே எடுக்க வைத்தது சட்டமும் இல்லை, நியாயமும் இல்லை. குமாஸ்தா போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை. "வக்காலத்துப் போட்டாத்தான் 317 போட முடியும்."

அது என்ன 317? குற்றம் சாட்டப்பட்டவர் இன்று வர இயலவில்லை, மன்னிக்க வேண்டும் என்று கோர்ட்டில் கொடுக்கும் மனு. புதுச் சட்டத்தில் 355; பேச்சில் இன்னும் 317. வக்கீல் மூலம் ஆஜரானவனுக்குத்தான் அந்தச் சலுகை. வக்கீல் இல்லாதவன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலை பத்தரைக்கே போய், தன் பெயரை டவாலி எப்போது கூப்பிடுவார் என்று வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். டீ குடிக்கப் போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் பிடிவாரண்ட் வரைக்கும் போகலாம். ஆடித் தள்ளுபடி நேரத்தில் கல்லாவை விட்டுவிட்டு நான் எந்த மரத்தடியில் நிற்பது? ஊரில் எல்லோரும் வக்கீல் என்றால் வாதாடுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னக் கேஸில் அவர் நமக்காக வாதாடுவது அபூர்வம். நமக்குப் பதிலாகக் காத்திருக்கிறார். அதற்குப் பதினைந்தாயிரம் அதிகமே இல்லை என்று அந்த நிமிடம் தோன்றியது. எடுத்து வைத்தேன். ரசீதும் வாங்கினேன்.

முதல் நாள் மட்டும் நேரில் போனேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நடுவர் கேட்டார். இல்லை என்றேன். கண்ணகி அளவுக்கு இல்லாவிட்டாலும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அதோடு சரி. அனுமதி வாங்கி, பாஸ்போர்ட் எடுத்து, சிங்கப்பூர் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்தோம். வழக்கு இங்கேயே பத்திரமாக இருந்தது. ஒரு நாள் நடுவர் விடுப்பு, ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு, ஒரு நாள் சா.பொ.1, அதாவது என் குடை, எந்த அறையில் இருக்கிறதென்று தேடினார்கள். ஏ.சி. குழாயும் அப்படியே சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. திருப்பி வைக்கச் சொன்னால், "போலீஸ் பார்வை மகஜர்ல அது எழுதியிருக்கு சார், சாட்சியத்தைக் கலைக்கக் கூடாது" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சட்டம் அவருக்கும் ஓரளவு பழகிவிட்டது.

விசாரணை ஆரம்பித்ததும்தான் வேடிக்கை. அவர் அ.சா.1, அரசுத் தரப்பு முதல் சாட்சி. சம்மன் வந்தால் போயே ஆக வேண்டும். நான் கடையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பில் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வேப்பமரத்தடியில் நிற்பார். சாயங்காலம் முகம் சிவந்து திரும்புவார். போன வாரம் மதில் ஓரமாக வந்து நின்று, மோவாயைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"சார், உங்க வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா? சாட்சிக்கும் இந்த 317 மாதிரி ஏதாவது இருக்கா?"

அவர் எதிரிலேயே போன் போட்டுக் கேட்டேன். சாட்சிக்கு அப்படியெல்லாம் கிடையாது, வராவிட்டால் அவருக்கும் வாரண்ட் வரலாம் என்றார் வக்கீலம்மா. சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் மேலே சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்போ அடுத்த வாய்தாவுக்கு நீங்களாவது வாங்க சார். அங்க நாள் பூரா பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை" என்றார்.